ரிங்கிட்டா ரூபாயான்னு மெஷின் கேட்டா எதை அமுக்கறது?

கேள்வி: வணக்கம் அண்ணே. அக்கா மக கல்யாணத்துக்கு சென்னை போறோம், பட்டு எல்லாம் தி.நகர்லதான் எடுக்கணும்னு மாமியார் ஒத்த கால்ல நிக்கறாங்க. அவ்ளோ காசை கையில தூக்கிட்டு போக பயமா இருக்கு. டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா, எதுல பிடித்தம் கம்மி?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கடையில தேய்க்க ரெண்டும் ஓகேதான் தங்கச்சி. வெளிநாட்டுல தேய்ச்சா விசா, மாஸ்டர்கார்டு, உங்க பேங்க்னு ஆளுக்கு கொஞ்சம் எடுப்பாங்க, பொதுவா நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) ஒரு வெள்ளி, சில பேங்க்ல அதுக்கும் மேல, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி உங்க பேங்க்ல எவ்ளோன்னு கேட்டுக்கோங்க.

ஆனா பெரிய ஓட்டை வேற எடத்துல இருக்கு. கார்டை போட்டதும் மெஷின்ல ரிங்கிட்டா ரூபாயான்னு கேக்கும், நம்ம ஆளுங்க நம்ம காசுதானேன்னு ரிங்கிட்டை அமுக்கிடுவாங்க. அமுக்கினா ரேட்டை அந்த மெஷின் கம்பெனிதான் போடும், அவன் லாபத்தையும் சேர்த்து. கணக்குக்கு 20 ரூபா ஒரு வெள்ளின்னு வச்சா 20,000 ரூபா சேலை 1,000 வெள்ளி, அவன் நூத்துக்கு அஞ்சு ஏத்தினா 50 வெள்ளி போச்சு, அதுல ஒரு பிளவுஸே தைச்சிடலாம். அதோட விடுமா, கடை வெளிநாட்டுல இருக்குன்னு சில பேங்க் அதுக்கு மேலயும் சார்ஜ் போடும். எப்பவும் ரூபாயவே அமுக்குங்க, கடைக்காரர் தானா அமுக்கிட்டா கேன்சல் பண்ணி மறுபடி போடச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

கிரெடிட் கார்டுல மட்டும் ஏடிஎம்ல காசு எடுத்துடாதீங்க, சார்ஜும் உண்டு, எடுத்த அன்னிக்கே வட்டியும் ஓட ஆரம்பிச்சிடும். பூ, ஆட்டோ, கோயில் செலவுக்கு டெபிட்ல எடுங்க, ஒவ்வொரு தடவையும் பிடிப்பாங்க அதனால கொஞ்சம் கொஞ்சமா எடுக்காம மொத்தமா. தெருவுக்குத் தெரு கியூஆர் தொங்கும், அது அவங்க யூபிஐ, இந்திய பேங்க் கணக்குலேருந்து போன்ல காசு கட்டற முறை, நம்ம வாலட்டை நம்பி கெளம்பாதீங்க.

வைஸ்னு பல நாட்டு காசுக்கான கார்டு ஒண்ணு இருக்கு, அது மாதிரி கார்டுல நடு ரேட்டு, அதாவது வாங்கற ரேட்டுக்கும் விக்கற ரேட்டுக்கும் நடுவுல உள்ளது, சார்ஜ் எவ்ளோன்னு முன்னாடியே காட்டும், நேரம் இருந்தா அதையும் எடுத்து வைங்க. எந்த கார்டா இருந்தாலும் பேங்க் ஆப்ல ஓவர்சீஸ் யூஸை இங்கயே ஆன் பண்ணிடுங்க, ஓடிபி வர்ற நம்பருக்கு ரோமிங்கும் போட்டுடுங்க.

கேள்வி: தாய்லாந்து ஹாட் யாய் போறோம், நம்ம டூயிட்நவ் கியூஆர் பேமெண்ட் அங்க வேலை செய்யுமா?
– வாசகர், பீடோர்

பதில்: செய்யும். 2021லேருந்தே தாய்லாந்தோட சொந்த கியூஆர் முறையான ப்ராம்ட்பேயோட இணைப்பு இருக்கு, உங்க ஆப்ல அந்த வசதி இருக்கான்னு மட்டும் பாருங்க. அங்க ஏடிஎம் பக்கம் போகாதீங்க லா, வெளிநாட்டு கார்டுன்னா தடவைக்கு 200 பாட்டுக்கு மேல பிடிக்கறாங்க.