ஊசலாட்டத்தின் வீச்சு கூடுவது கணினியின் குற்றமன்று

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு படிக்கிறேன். சுருள்வில்லில் கட்டிய நிறையின் அலைவை யூலர் முறையில் (காலத்தைச் சிறு படிகளாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் இடத்தையும் திசைவேகத்தையும் கணக்கிடும் முறை) கணிக்க பைத்தானில் நிரல் எழுதினேன். நிறை 1, வில் மாறிலி 1, காலப்படி 0.1. உராய்வைச் சேர்க்கவே இல்லை. ஆனாலும் வீச்சு கூடிக்கொண்டே போகிறது. புராஜெக்ட் சென்டர்காரர், லேப்டாப்பின் திறன் போதாது, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டும், 15,000 ரூபாய் தந்தால் தாமே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் நிரலில் எழுத்துப்பிழைகூட இல்லை. தவறு முறையில் இருக்கிறது. இடத்தை ஓர் அச்சிலும் திசைவேகத்தை மற்றோர் அச்சிலும் வைத்து வரைந்தால், உண்மையான இயக்கம் ஒரு வட்டமாக அமையும். யூலர் முறை ஒவ்வொரு படியிலும் அந்த வட்டத்தின் தொடுகோட்டில் நடக்கிறது. தொடுகோட்டில் எவ்வளவு சிறிய அடி வைத்தாலும் வட்டத்துக்கு வெளியேதான் போய் நிற்போம். வட்டத்தின் ஆரம்தான் வீச்சு, ஆற்றலோ அதன் இருமடிக்கு நேர்விகிதம். எனவே பிதாகரஸ் தேற்றப்படி உங்கள் ஆற்றல் படிக்கு 1.01 மடங்காகிறது. ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 63 படிகள் என்பதால், ஆற்றல் ஓர் அலைவிலேயே 87 விழுக்காடு கூடும். பத்து அலைவுகளில் வீச்சு 22 மடங்கைத் தாண்டும். காலப்படியை 0.01 ஆக்கினாலும் அலைவுக்கு 6 விழுக்காட்டுக்கு மேல் கூடும். நோய் தணியுமே தவிர, தீராது.

மருந்து ஒரே ஒரு மாற்றம்தான். இப்போது நீங்கள் பழைய திசைவேகத்தைக் கொண்டு இடத்தையும், பழைய இடத்தைக் கொண்டு திசைவேகத்தையும் கணக்கிடுகிறீர்கள். அதற்கு மாறாக, முதலில் திசைவேகத்தைப் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக் கொண்டே இடத்தை நகர்த்துங்கள். யூலர்-க்ரோமர் முறை என்பது இதுவே. ஆற்றல் 5 விழுக்காடு அளவில் ஏறி இறங்குமே தவிர, ஒருபோதும் பெருகிக்கொண்டே போகாது. 1967-இல் இயற்பியலாளர் வெர்லே 864 ஆர்கான் அணுக்களின் இயக்கத்தைக் கணித்தது இன்றைய கைபேசியைவிடப் பல மடங்கு மெதுவான கணினியில். ஒரே ஒரு நிறைக்கு உங்கள் லேப்டாப் போதாது என்பவர் இயற்பியல் பேசவில்லை, வியாபாரம் பேசுகிறார். பைத்தானும், கணக்கீட்டு மென்பொருளான ஆக்டேவும் இலவசம். புறத்தேர்வாளராகச் சென்ற ஓரிடத்தில், மூன்று மாணவர்கள் கொண்டுவந்த வரைபடங்களில் அச்சின் பெயரில் ஒரே எழுத்துப்பிழை இருந்ததைக் கண்டேன். காலப்படியைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு மூவரிடமும் பதில் இல்லை. பணம் வாங்கியவர் வைவாவுக்கு வந்து உட்காரமாட்டார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நிதானமாகப் படியுங்கள். பின்னர் உராய்வைச் சேர்க்கும்போது ஆற்றல் குறைந்தே ஆக வேண்டும். ஆனால் பழைய யூலர் முறையில், உராய்வின் அளவைக் குறிக்கும் தணிப்பு மாறிலியை 0.1 என்றும் காலப்படியை 0.1 என்றும் வைத்தால், முறை பொய்யாகச் சேர்க்கும் ஆற்றலும் உராய்வு எடுக்கும் ஆற்றலும் சரிக்குச் சரியாகி, தணிய வேண்டிய அலைவு தணியாமலே ஓடும். வரைபடம் அழகாக இருக்கும். இயற்பியல் முழுவதும் தவறாக இருக்கும். ஆகவே எந்த நிரலையும் முதலில் உராய்வைச் சுழியமாக்கி ஓட்டி, ஆற்றல் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகே உராய்வைச் சேருங்கள்.

இதை வகுப்பிலேயே யாரும் சொல்லித்தராதது உங்கள் குறையன்று. தேர்வில் யூலர் முறையை மூன்று படிகள் கால்குலேட்டரில் போட்டுக் காட்டினால் முழு மதிப்பெண் தருகிறோம். மூன்று படிகளில் ஆற்றல் 3 விழுக்காடுதான் கூடும், யார் கண்ணுக்கும் படாது. ரெக்கார்டு நோட்டில் நிரலையும் விடையையும் பார்த்து எழுதினால் கையெழுத்துப் போடுகிறோம். ஆற்றலைச் சரிபார்த்தாயா என்று ஒரு வரி கேட்க வைக்கப் பல ஆண்டுகளாகப் பாடத்திட்டக் கூட்டங்களில் மன்றாடியும் நடக்கவில்லை.

உங்கள் தவறான முதல் வரைபடத்தை அழித்துவிடாதீர்கள். காலப்படி 0.1, 0.05, 0.01 மூன்றுக்கும் யூலர் முறையின் ஆற்றலை ஒரே தாளில் வரைந்து, அதன் கீழே யூலர்-க்ரோமர் வரைபடத்தை வையுங்கள். அறிக்கையின் முதல் அத்தியாயமாக அதுவே போதும்.