வைட்டமின் மாத்திரை: விழுங்குவது எவ்வளவு, செல்லுக்குள் சேர்வது எவ்வளவு?

தினமும் வைட்டமின் சி 1,000 மி.கி. போடுகிறேன். முழுவதும் உடம்பில் சேருமா?

சேராது. சிறுகுடல் செல்லில் இருக்கும் கடத்திப் புரதம் சோடியத்தோடு சேர்த்துத்தான் வைட்டமின் சி-யை உள்ளே இழுக்கும். அதன் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. நாளைக்கு 30 முதல் 180 மி.கி. வரை என்றால் 70–90 சதவீதம் உள்ளே போய்விடும். 1 கிராமைத் தாண்டினால் பாதிகூடத் தேறாது. மிச்சம் குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும், அதனால்தான் வயிற்றுப்போக்கு.

பி காம்ப்ளக்ஸ் போட்டால் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதே?

அது அதிலுள்ள ரிபோஃப்ளேவினின் (வைட்டமின் பி2) நிறம். தேவைக்கு மேற்பட்டதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. பயப்பட வேண்டாம்.

வைட்டமின் டி மாத்திரையை வெறும் வயிற்றில் போடலாமா?

கொழுப்புள்ள சாப்பாட்டோடு போடுங்கள். ஏ, டி, ஈ, கே நான்கும் தண்ணீரில் கரையாதவை. சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் கண்டதும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை விடும். அதிலுள்ள உப்புகள் இவற்றை நுண்துளிகளாக்கிக் குடல் செல்லின் ஓரம்வரை கொண்டுவரும். செல்லுக்குள் கைலோமைக்ரான் என்ற கொழுப்புப் பொட்டலத்தில் ஏறி, நிணநீர்க் குழாய் வழியாக இரத்தத்தில் கலக்கும். பித்தநாளம் அடைபட்டால் கே குறைந்து, இரத்தம் உறையத் தாமதமாவதும் இதனால்தான்.

அம்மா நன்றாகத்தான் சாப்பிடுகிறார். பி12 மட்டும் ஏன் ஏறவில்லை?

பி12-க்குப் படிகள் அதிகம். எந்தப் படியிலும் தடுக்கலாம். வயிற்று அமிலம் அதை உணவுப் புரதத்திலிருந்து பிரிக்கும். உடனே உமிழ்நீர்ப் புரதம் ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். முன்சிறுகுடலில் கணைய நொதிகள் அந்தப் பிடியை விடுவித்த பிறகே, இரைப்பை சுரக்கும் ‘உள்ளார்ந்த காரணி’ என்ற புரதம் பி12-ஓடு இணையும். அந்த ஜோடியை உள்ளே எடுக்கும் ஏற்பி சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. அதற்குக் கால்சியமும் தேவை.

ஆகவே கேட்க வேண்டியவை: சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினோ வயிற்று அமிலம் குறைக்கும் மாத்திரையோ நெடுநாளாகப் போடுகிறாரா? இரைப்பையிலோ குடலின் கடைசிப் பகுதியிலோ அறுவை நடந்ததா?

ஏற்பி ஒரு வேளைக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராமோடு நிறைந்துவிடும். ஏற்பி இல்லாமலும் சுமார் 1 சதவீதம் தானாகவே கசிந்து நுழையும். அதனால் 1,000 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் 10 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். பலருக்கு இதுவே போதும். கை கால் மரத்துப்போனாலோ நடை தள்ளாடினாலோ ஊசிதான், தாமதிக்காதீர்கள். பி12-க்குப் பதில் ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் சத்தமில்லாமல் தொடரும்.

இன்னொன்று: டிரான்ஸ்கோபாலமின் என்ற இரத்தப் புரதத்தோடு இணைந்த பி12-ஐத்தான் செல்கள் எடுத்துக்கொள்ளும். இரத்தத்தில் பெரும்பங்கு வேறொரு புரதத்தோடு இருப்பதால், மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும் செல்லுக்குள் பற்றாக்குறை இருக்கலாம். சந்தேகம் இருந்தால் இரத்தத்தில் மெத்தில்மலோனிக் அமிலம் பாருங்கள், செல்லுக்குள் பி12 குறைந்தால் அது ஏறும்.

இரத்தத்தில் வைட்டமின் ஏ குறைவு என்று வந்தது. டோஸை ஏற்றலாமா?

முதலில் புரதமும் துத்தநாகமும் போதுமா என்று பாருங்கள். கல்லீரலிலுள்ள ஏ வெளியே வர ஒரு சுமைப்புரதம் வேண்டும். அது குறைந்தால் இருப்பு நிறைய இருந்தும் இரத்தத்தில் குறைவாகவே காட்டும். அந்த நிலையில் டோஸை ஏற்றினால் கல்லீரலில் தேங்கி நஞ்சாகலாம்.