பழைய பிஸ்டல்களின் மலிவும் உறுதியும்: கேள்வி பதில்

தக்கலையில் எங்கள் வாசக வட்டத்தின் மாதக் கூட்டத்துக்காக அன்பர்கள் சீட்டில் எழுதித் தந்த கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தரைப்படையில் 22 ஆண்டுகள் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவன் நான். ஆகவே துப்பாக்கியைச் சுடுபவனின் கண்ணால் பார்ப்பதைவிட, அதைப் பிரித்து மேசையில் பரப்பியவனின் கண்ணால்தான் பார்ப்பேன். தொடங்கும் முன் ஒன்று: தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உருவிவிட்டால் பிஸ்டல் காலியாகிவிடாது. குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையான சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம். மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதி செய்த பிறகே காலி என்று சொல்ல வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): வெளிநாடுகளில் துப்பாக்கி சேகரிப்போர் புதிய பிஸ்டல்களை விட்டுவிட்டு, மக்காரோவ், டோக்கரேவ் போன்ற பழைய, மலிவான சோவியத் பிஸ்டல்களைத் தேடிப்போவது ஏன்?

பதில்: மலிவு என்பதில் இரண்டு வகை உண்டு. செய்யும்போதே செலவைக் குறைத்ததால் வரும் மலிவு ஒன்று. நன்றாகச் செய்த பொருளை, அதற்கு உரியவன் வேண்டாம் என்று தள்ளிவிட்டதால் வரும் மலிவு மற்றொன்று. நீங்கள் கேட்கும் பிஸ்டல்கள் இரண்டாம் வகை. 1991-இல் சோவியத் தலைமையிலான படைக்கூட்டணியான வார்சா ஒப்பந்தம் கலைந்தபின், கிழக்கு ஐரோப்பியப் படைகள் ஒவ்வொன்றாக மேற்கத்தியக் கூட்டணியான நேட்டோவின் 9×19 தோட்டாவுக்கு (9 மி.மீ. குண்டு, 19 மி.மீ. நீளக் கூடு) மாறின. கிடங்குகளில் பெட்டி பெட்டியாகக் கிடந்த பிஸ்டல்கள் அமெரிக்கச் சந்தைக்குப் போய், ஒரு காலத்தில் நூறு, நூற்றைம்பது டாலருக்கு விற்றன. அந்த விலை இரும்பின் தரத்தைச் சொல்லும் விலை அல்ல. கிடங்கைக் காலி செய்ய வேண்டிய அவசரத்தைச் சொல்லும் விலை.

உறுதிக்குக் காரணம் வேறு. சோவியத் வடிவமைப்பாளர் டோக்கரேவின் 1933-ஆம் ஆண்டு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டல்களில் அடிக்கடி கெடுவது மேகசினின் மேல் உதடு. அது சற்று நெளிந்தாலும் தோட்டா நேராக ஏறாது. டோக்கரேவ் அந்த வழிகாட்டும் வேலையை மேகசினின் தகட்டிடம் முழுக்க ஒப்படைக்காமல், பிஸ்டலின் உடலிலேயே கடைந்து அமைத்தார். அதனால் அடிபட்ட மேகசினும் அதில் வேலை செய்யும். சுத்தியல், அதைப் பிடித்து நிறுத்தும் சீர் (sear) என்ற கொக்கி, ஸ்பிரிங் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் வைத்து, அப்படியே தூக்கி எடுக்கும்படி செய்தார். வடக்கே நான் பணியாற்றிய இடத்தில், பிடிபட்ட ஆயுதங்களோடு அதன் சீன வடிவமான 54-ஆம் வகை எங்கள் மேசைக்கு வருவதுண்டு. மேற்பூச்சு உரிந்து, பிடி உடைந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்த ஒன்றைத் திறந்தபோது, உள்ளே தேய்மானம் ஏதும் பெரிதாக இல்லை. படித்திராத, குளிரில் விரல் மரத்துப்போன ஒரு படைவீரன் கையாள்வான் என்று எண்ணி வரைந்த வடிவம் அது.

1951-இல் படையில் ஏற்கப்பட்ட மக்காரோவ் இந்த எண்ணத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் சுத்தியலை அடிக்க வைக்கிறது, விசையின் இணைப்பைத் தள்ளுகிறது, அதன் கீழ்முனையே மேகசினைப் பிடிக்கும் கொக்கியாகவும் இருக்கிறது. ஸ்லைடை நிறுத்தும் தகடே வெற்றுக்கூட்டை வெளியே தட்டிவிடும் வேலையையும் பார்க்கிறது. ஸ்லைடை முன்னே தள்ளும் ஸ்பிரிங்குக்குக் குழலே தண்டு. ஒரு பாகத்துக்கு மூன்று வேலை தந்தால் பாகங்களின் எண்ணிக்கை குறைகிறது. இல்லாத பாகம் உடைவதில்லை. ஒரு கருவியும் இல்லாமல் அதைப் பிரித்துச் சேர்க்கலாம். எடை ஏறக்குறைய 730 கிராம், மேகசினில் எட்டுத் தோட்டா. அழகு என்று எதுவும் இல்லை. எனக்கோ அந்தச் சிக்கனமே அழகு.

கேள்வி (மார்த்தாண்டம்): இவற்றில் ஒன்றை நம் மாவட்டத்தில் எங்கே வாங்கலாம்?

பதில்: வாங்க முடியாது. படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ. தோட்டாவைச் சுடும் கைத்துப்பாக்கி நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கிகளைப் பொதுமக்கள் இறக்குமதி செய்யவும் வழியில்லை. கலெக்டரிடம் உரிமம் பெற்ற ஒருவருக்கு வழக்கமாகக் கிடைப்பது .32 (அங்குலக் கணக்கில் குழல் துளையின் அளவு) பிஸ்டல் அல்லது ரிவால்வர்தான். இதன் விளைவு வேடிக்கையானது. வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கும் வால்த்தர் பிபி என்ற பழைய ஜெர்மானியப் பிஸ்டல் இங்கே, இருப்பவை மட்டுமே கைமாற முடியும் என்பதால், லட்சக்கணக்கில் விலை போகிறது.

கேள்வி (குளச்சல்): மக்காரோவின் குழல் அசைவதில்லை, டோக்கரேவின் குழல் அசைகிறது என்கிறார்களே, அதனால் என்ன வேறுபாடு?

பதில்: நல்ல கேள்வி. மக்காரோவில் குழல் உடலோடு நிலையாகப் பொருந்தியிருக்கிறது. தோட்டா வெடிக்கும்போது பின்புறத்தை மூடி நிற்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் வலுவும் மட்டுமே. பூட்டு ஏதும் இல்லை. செய்வதற்கு எளிது, குறியும் நேராக இருக்கும். ஆனால் தோட்டாவின் வலு கூடக் கூட ஸ்லைடின் எடையையும் கூட்ட வேண்டிவரும். அதனால்தான் 9×18 என்ற நடுத்தரத் தோட்டாவோடு நின்றார்கள். அது குழலைவிட்டு விநாடிக்குச் சுமார் 315 மீட்டர் வேகத்தில் போகிறது. டோக்கரேவின் 7.62×25 தோட்டாவோ 420 மீட்டர் வேகத்தில் போவது. அதற்குப் பூட்டு வேண்டும். ஆகவே அமெரிக்கத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங்கின் வழியில், குழல் சிறிது தூரம் ஸ்லைடோடு பூட்டியபடி பின்வாங்கி, பிறகு கீழிறங்கி விலகும். பெயரளவில் இரண்டுமே 9 மி.மீ. என்பதால் மக்காரோவ் தோட்டாவும் நேட்டோ தோட்டாவும் ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். மக்காரோவின் குண்டு சற்றே தடித்தது, கூடும் குட்டையானது.

கேள்வி (கருங்கல்): பழைய பிஸ்டல் என்றாலே உறுதியானதா?

பதில்: இல்லவே இல்லை. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படைக்குப் பிஸ்டல் போதவில்லை. ஸ்பெயினின் ஐபார் நகரில் பல பட்டறைகள் ரூபி என்ற வடிவத்தை அடித்துக் குவித்தன. ஒரு பட்டறையின் மேகசின் மற்றொன்றின் பிஸ்டலில் பொருந்தாது. எஃகைப் பதப்படுத்தியதும் ஒரு சீராக இல்லை. செக்கோஸ்லோவாக்கியாவின் 1952-ஆம் ஆண்டு பிஸ்டல் உருளைகளால் பூட்டும் அருமையான அமைப்பு உடையது. ஆனால் தோட்டாவின் பின்புறத்தை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியான அதன் ஃபயரிங் பின் வார்ப்பில் செய்தது, தோட்டா இல்லாமல் வெறுமனே சுட்டுப் பார்த்தால் ஒடிந்துவிடும். பின்னாளில் அமெரிக்காவில் துத்தநாகக் கலவையை வார்த்து மலிவான சிறு பிஸ்டல்கள் வந்தன. அவை முன்பு சொன்ன முதல் வகை மலிவு. வயதைப் பார்க்காதீர்கள், எங்கே செலவைக் குறைத்தார்கள் என்று பாருங்கள்.

கேள்வி (குலசேகரம்): ரப்பர் தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லை. சிறிய பிஸ்டல் ஒன்று இருந்தால் உதவுமா?

பதில்: உதவாது. வனத்துறையிடம் போங்கள்.

கேள்வி (திங்கள்சந்தை): மக்காரோவ் என்ன விலைக்கு, எங்கே கிடைக்கும்?

பதில்: மார்த்தாண்டத்து அன்பருக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

கேள்வி (தோவாளை): வாஞ்சிநாதன் பயன்படுத்தியதும் இந்த வகைதானா?

பதில்: 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷ் துரையைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டல். நம் .32 தோட்டா பிறந்ததும் அந்த பெல்ஜியத் தொழிற்சாலையின் தொடக்ககால பிரவுனிங் பிஸ்டலோடுதான். சட்டைப்பைக்குள் அடங்கும் பிஸ்டல் சந்தைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் திருநெல்வேலிச் சீமைவரை வந்துசேர்ந்துவிட்டது.

கேள்வி (மணவாளக்குறிச்சி): டோக்கரேவில் பாதுகாப்புப் பூட்டு இல்லை என்பது உண்மையா?

பதில்: உண்மை. சுத்தியலைப் பாதியில் நிறுத்தும் ஒரு படிமட்டுமே உண்டு. அதை நம்பி சேம்பரில் தோட்டாவோடு இடுப்பில் செருகுவது அறிவீனம். அமெரிக்காவுக்குப் போனவற்றில் இறக்குமதி விதிக்காகப் பின்னால் ஒரு பூட்டைப் பொருத்தினார்கள்; சேகரிப்பாளர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். மறுபடியும் சொல்கிறேன்: சேம்பரைப் பாருங்கள்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): நம் கடற்கரைக் காற்றில் இரும்பு நிற்குமா? பராமரிப்பு எப்படி?

பதில்: இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது, கூடவே உப்புக் காற்று. உரிமம் உள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு, பிஸ்டலைத் தோல் உறைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடும்போது சேர்த்த பொருள்களும் அதில் தங்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்தால், உறை தொட்ட இடமெல்லாம் பொரி பொரியாகத் துரு இருக்கும். உறை வேறு, பிஸ்டல் வேறாக வையுங்கள். பழைய படைத்தோட்டாக்களின் அடியில் தீப்பற்ற வைக்கும் தொப்பியில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டபின் அது குழலுக்குள் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது. வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே மெல்லிய கனிம எண்ணெய் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

கேள்வி (இரணியல்): தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். என் பாட்டா உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கியை 40 ஆண்டுகள் தேங்காய் எண்ணெய் தடவியே வைத்திருந்தார். ஒரு புள்ளி துரு கிடையாது.

பதில்: உங்கள் பாட்டாவை நான் மறுக்கவில்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது. அதனால் நல்லெண்ணெயைப் போல அது காற்றுப்பட்டுப் பிசினாகிவிடாது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒற்றைக் குழல் துப்பாக்கியின் வெளிப்புறத்தை வாரம் ஒருமுறை துடைப்பது வேறு, பிஸ்டலின் உள்ளுறுப்பில் எண்ணெய் விட்டு மாதக்கணக்கில் மூடி வைப்பது வேறு.

கேள்வி (சுசீந்திரம்): எண்ணெய் உறைவதைத்தானே குறையாகச் சொல்வீர்கள்? நம் ஊரில் அது உறைவதே இல்லையே!

பதில்: ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி விடியலில் உங்கள் வீட்டுக் குளியலறைப் புட்டியைப் பாருங்கள். பேச்சிப்பாறைப் பக்கம் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். மக்காரோவின் ஃபயரிங் பின்னுக்குப் பின்னிழுக்கும் ஸ்பிரிங் கிடையாது. அது தன் துளைக்குள் சும்மா ஓடும். அந்தத் துளையில் கொழுகொழு என்று எதுவும் தங்கினால் பின்னின் ஓட்டம் மந்தமாகி, அடி மெலிந்து, தோட்டா வெடிக்காமல் நிற்கும். அங்கே கனிம எண்ணெயைக்கூட விடக் கூடாது என்பதே எங்கள் பாடம்.

கேள்வி (இரணியல் அன்பரே மீண்டும்): உறைந்தால் கையில் தேய்த்தால் உருகிவிடும். துருப்பிடிக்குமா, பிடிக்காதா என்பதுதானே கேள்வி?

பதில்: சரி, துருவுக்கே வருகிறேன். செக்கில் ஆட்டி வந்த எண்ணெயில் சிறிது ஈரம் இருக்கும். நாள்பட நாள்பட அதில் கட்டற்ற கொழுப்பமிலம் கூடும். பித்தளை விளக்கில் எண்ணெய் தேங்கிய இடம் பச்சை பிடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இந்த அமிலத்தின் வேலை. தோட்டாவின் கூடும் பித்தளைதான். உங்கள் பாட்டாவின் துப்பாக்கியைக் காப்பாற்றியது எண்ணெயின் குணம் அல்ல, வாரந்தவறாமல் பழையதைத் துடைத்துப் புதியதைத் தடவிய அவருடைய கை. அந்தக் கை இருந்தால் எந்த எண்ணெயும் போதும். இல்லாதவர்களுக்காகத்தான் கனிம எண்ணெயைச் சொல்கிறேன். இதில் இரணியல் அன்பர் பாதி வென்றார் என்று எழுதிக்கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் பற்றி வந்த மற்ற ஐந்து சீட்டுகளுக்கும் இதுவே பதில்.

கேள்வி (அருமனை): உரிமம் இல்லாமல், பழைய பொருள் என்ற முறையில் ஒரு மக்காரோவ்...

பதில்: மூன்றாவது முறை. இல்லை. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறை.

கேள்வி (பூதப்பாண்டி): இறந்துபோன பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் வெப்ளி அண்ட் ஸ்காட் .32 பிஸ்டலும் மஞ்சளேறிய உரிமப் புத்தகமும் கிடைத்தன. அது வேலை செய்யுமா என்று பார்க்க ஆசை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கையில் இருப்பது, நான் இவ்வளவு நேரம் பேசியதற்கு நல்ல சான்று. அந்த நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யத் தொடங்கிய .32 பிஸ்டலை 1911-இல் லண்டன் போலீஸ் ஏற்றது. கோணல்மாணலான உருவம், நல்ல எஃகு. ஆனால் அதைச் சுட்டுப் பார்க்கும் ஆசையை விடுங்கள். பெட்டியில் எத்தனை ஆண்டு கிடந்தது, சேம்பரில் என்ன இருக்கிறது, ஸ்பிரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அதைத் தொடாமல் பெட்டியை மூடி, பிள்ளைகள் நெருங்காதபடி அறையைப் பூட்டுங்கள். உரிமப் புத்தகத்தையும் பெரியப்பாவின் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், பிஸ்டல் வீட்டில் இருப்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உரிமம் பெற்றவர் இறந்தால் ஆயுதம் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கப்பட வேண்டும். வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு உரிமம் கேட்டு அதன் பிறகு கலெக்டரிடம் விண்ணப்பிக்கலாம். உரிமம் கிடைத்தால் பிஸ்டலைத் தேர்ந்த ஆர்மரர் ஒருவரிடம் காட்டுங்கள். அப்போது நான் இருந்தால் எனக்கும் ஒரு தகவல் சொல்லுங்கள். அதன் உட்புறத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.