தோத்துடும்னு தெரிஞ்ச கொலை கேஸை வக்கீல் எதுக்கு எடுக்குறாரு?

கிரிமினல் சைடுல ஜூனியரா இருக்கேன், அதனால வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுடுறாங்க. "அவன்தான் பண்ணான்னு ஊருக்கே தெரியுது, அவனே ஒத்துக்கிட்டான், அப்புறம் என்னத்த வாதாடுவீங்க?"

ஜெயிக்கிறதுன்னா விடுதலைன்னு நினைச்சுக்கிட்டு கேக்குறதாலதான் இந்தக் குழப்பமே.

1924ல சிகாகோவுல லியோபோல்டு, லோப்னு ரெண்டு பணக்கார வீட்டுப் பசங்க, ஒருத்தனுக்கு 19 வயசு, இன்னொருத்தனுக்கு 18, மாட்டாம ஒரு கொலை பண்ணிக் காட்டணும்னு திமிரெடுத்து 14 வயசுப் பையனைக் கடத்திக் கொன்னுட்டானுங்க. பாடி கிடந்த இடத்துல ஒரு மூக்குக்கண்ணாடி. ஃப்ரேம் சாதாரணம், பவரும் சாதாரணம், ஆனா அதோட கீல் இருக்கு பாருங்க, அந்த மாதிரி சிகாகோவுல மூணு கண்ணாடிதான் வித்திருக்கு. அதுல ஒண்ணு லியோபோல்டோடது. அப்புறம் ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டானுங்க. கேஸ் முடிஞ்சுதா?

அவனுங்களுக்கு வக்கீலா கிளாரன்ஸ் டாரோ வந்தாரு. பைத்தியம்னு வாதாடுவாருன்னு எல்லாரும் பாத்துட்டு இருக்க, மனுஷன் "குற்றத்தை ஒத்துக்குறோம்"னுட்டாரு. ஒத்துக்கிட்டா ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு, கிடையாது. பன்னெண்டு பேர் சேர்ந்து தூக்குனு சொல்றது சுலபம், பாரம் பிரிஞ்சுடும், ஆனா ஒத்த ஜட்ஜு தனியா உக்காந்து ரெண்டு சின்னப் பசங்களுக்குத் தூக்குனு எழுதணும்னா கை நடுங்கும்ல, அதான் கணக்கு. மணிக்கணக்கா பேசினாரு. ஜட்ஜு கொலைக்கு ஆயுளும், கடத்தலுக்கு 99 வருஷமும் குடுத்தாரு, வயசுதான் முக்கியக் காரணம்னாரு. மனநல டாக்டருங்களை வரிசையா கூட்டிட்டு வந்ததெல்லாம் பெருசா எடுபடல, அது வேற கதை.

எங்க சீனியரும் கேஸ் கட்டு கைக்கு வந்தா குற்றப்பத்திரிகைய அப்புறம்தான் படிப்பாரு, நேரா போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டுக்குப் போயிடுவாரு. ஒரு கேஸ்ல "சரமாரியா அடிச்சான்"னு சாட்சி சொல்லியிருக்காரு, ரிப்போர்ட்ல ஒரே ஒரு காயம். குறுக்கு விசாரணைல அந்தச் சாட்சிகிட்ட "எத்தனை அடி?"னு மட்டும் கேட்டாரு, அவரு பேந்தப் பேந்த முழிச்சாரு. திடீர்னு வந்த சண்டைல விழுந்த ஒத்த அடின்னு ஆனதும் கொலை செக்‌ஷன் போயி அதைவிடச் சின்னக் குற்றத்துக்கான செக்‌ஷனா மாறிப்போச்சு. ஆளை விடல. ஆயுள் போயி பத்து வருஷமாச்சு, அவ்ளோதான்.

தீர்ப்பைக் கேட்டதும் அந்த ஆளு கூண்டுல நின்னுக்கிட்டே விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, "அப்போ எனக்கு நாப்பத்தியொண்ணுதான் ஆகும்ல சார்?"னு கேட்டாரு.