காசு இருந்தால் சந்தோஷமா, அண்ணாச்சி?

(வாசகர் கேள்வி பதில்)

எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருத்தர், பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தமே இல்லை, இருப்பதை வைத்து நிம்மதியாக இருங்கள் என்று தினமும் கோயில் திண்ணையில் சொல்கிறார். நான் ரெண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நெல் போடுகிறவன். அவர் சொல்வது எனக்கு ஏறவே மாட்டேங்குது. நான் பேராசைக்காரனா அண்ணாச்சி?
*வாசகர், அம்பாசமுத்திரம்*

இல்லை. ஒன்றாம் தேதி பென்ஷன் வந்துவிடும் என்று தெரிந்தவருக்கு அந்த வார்த்தை சுலபமாக வரும். அவர் மனசாரத்தான் சொல்கிறார், ஆனால் பணத்தைப் பற்றிய பயம் அவர் வாழ்க்கையில் முடிந்துபோன ஒன்று. உங்களுக்கு முடியவில்லை. பிசான நெல் மாசி, பங்குனியில் களத்துக்கு வருவதற்குள் உரக்கடை பாக்கி, குத்தகை, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் இல்லையா, அந்த ஓட்டத்துக்குப் பேராசை என்று பெயர் வைப்பது அநியாயம்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம்ம தமிழ்நாட்டில். 2013-ல் வெளிவந்த ஆய்வு அது. கரும்பு போடும் சிறு விவசாயிகள் 464 பேரிடம், வெட்டுக்கு முன்னால் ஒரு தடவையும் வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்த பிறகு ஒரு தடவையும் ஒரே மாதிரியான புதிர்களைக் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். ஆள் அதே ஆள், படிப்பும் அதே படிப்பு. ஆனால் அடகும் கைமாத்தும் அதிகமாக இருக்கிற வெட்டுக்கு முந்தின நாட்களில் தடுமாறினார்கள், பணம் வந்த பிறகு தெளிவாகச் செய்தார்கள். சாப்பாட்டுக் குறைவா, வேலைக் களைப்பா என்றும் பார்த்தார்கள், அதெல்லாம் காரணமாகத் தெரியவில்லை. பணத் தட்டுப்பாடு மூளையிலேயே ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றுதான் சொல்லி முடித்தார்கள். பணம் இல்லாதவன் சரியாக யோசிப்பதில்லை, அதனால்தான் ஏழையாக இருக்கிறான் என்று பேசுகிறவர்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள்.

கடன் வேறு இருந்தால் கேட்கவே வேண்டாம். நூற்றுக்கு 10 ரூபாய் மாத வட்டி என்றால் 50,000 ரூபாய்க்கு மாதம் 5,000, வருஷத்தில் 60,000. வாங்கியதைவிட அதிகமாகக் கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. அப்படியும் 2017 அக்டோபரில் நம்ம திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில், கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு குடும்பம் உயிரை விட்டதை இந்த மாவட்டத்துக்காரன் எவனும் மறக்க முடியாது. பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் சம்பந்தமில்லை என்று அந்தக் குடும்பத்தின் முன்னால் நின்று யார் சொல்ல முடியும்? அதனால் நீங்கள் காசை நினைப்பதில் வெட்கப்படாதீர்கள், நெல் பணம் வந்ததும் முதலில் வட்டி கூடின கடனை அடையுங்கள், மற்ற செலவு எல்லாம் அதுக்கு அப்புறம்.

என் வீட்டுக்காரர் வாரம் 500 ரூபாய்க்கு கேரளாவில் இருக்கிற ஆரியங்காவு போய் லாட்டரி எடுத்துவிட்டு வருகிறார். ஒரு நாள் அடித்தால் நம்ம கஷ்டம் எல்லாம் போய்விடும் என்கிறார். அடித்தால் நிஜமாகவே சந்தோஷம் வருமா?
*வாசகி, செங்கோட்டை*

அடித்தால் வரும் அம்மா, அதை மறைக்க மாட்டேன். 1978-ல் அமெரிக்காவில் 22 லாட்டரிக்காரர்களை விசாரித்து, அவர்கள் மற்றவர்களைவிட அப்படி ஒன்றும் சந்தோஷமாக இல்லை என்று எழுதினார்கள், அதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 22 பேர் ரொம்பக் குறைவு. 2020-ல் வந்த ஸ்வீடன் ஆய்வு அதைவிட மிகப் பெரியது, அதில் பெரிய பரிசு வாங்கியவர்களுக்குப் பத்து வருஷம் தாண்டியும் வாழ்க்கை மேல் திருப்தி கூடியே இருந்தது. ஆனால் அது எல்லாம் அடித்தவர்கள் கதை. வாரம் 500 என்றால் வருஷத்துக்கு 26,000 ரூபாய், அது இன்றைக்கே உங்கள் கையில் இருக்கிற பணம். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியை நிறுத்தியதற்கும் இப்படி வீட்டுச் சாமான் வாங்க வேண்டிய காசு சீட்டாகிப் போனதுதான் காரணம். அந்த 26,000-த்தை உங்கள் பெயரில் போஸ்ட் ஆபீஸில் போடச் சொல்லுங்கள்.

முதல் சம்பளம் 18,000 ரூபாய். இப்போது லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷம் இல்லை. பணத்துக்கு இவ்வளவுதான் சக்தியா?
*வாசகர், சேரன்மகாதேவி (இப்போது சென்னை)*

தம்பி, 2010-ல் கானமன், டீட்டன் என்ற ரெண்டு அறிஞர்கள், அமெரிக்காவில் ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட சந்தோஷம் மேலே ஏறுவதில்லை என்று எழுதினார்கள். 2021-ல் கில்லிங்ஸ்வொர்த் என்பவர் அப்படி இல்லை, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். அப்புறம் கானமனும் அவரும் சண்டை போடாமல் ஒன்றாக உட்கார்ந்து கணக்கை மறுபடி பார்த்து 2023-ல் வெளியிட்டார்கள், எனக்கு அந்தச் செயலே ரொம்பப் பிடித்தது. பெரும்பாலானவர்களுக்கு ஏறிக்கொண்டே போகிறது. ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் ஐந்தில் ஒரு பங்கு ஆட்களுக்கு மட்டும் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது, ஏனென்றால் சாவு, பிரிவு, மனச்சோர்வு மாதிரி துக்கத்தைப் பணத்தால் ஓரளவுக்கு மேல் ஆற்ற முடிவதில்லை.

இன்னொன்று, ஏறுவது ரூபாய்க் கணக்கில் ஏறுவதில்லை, மடங்குக் கணக்கில் ஏறுகிறது. 18,000 வாங்குகிறவனுக்கு இன்னொரு 18,000 வந்தால் வாழ்க்கையே மாறும். லட்சம் வாங்குகிற உங்களுக்கு அதே மாற்றம் வேண்டுமென்றால் ரெண்டு லட்சம் ஆக வேண்டும். அதனால் சம்பளம் கூடியும் சந்தோஷம் கூடாதது போலத் தெரிவது சாதாரணம்தான், பயப்படாதீர்கள். ஆனால் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை, அம்மாவிடம் பேசக்கூடத் தோன்றவில்லை என்கிற அளவுக்கு இருந்தால் அது சம்பளப் பிரச்சினை இல்லை. ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

என் வீட்டுக்காரர் துபாயில் வேலை பார்க்கிறார், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். வீடு கட்டி மாடியும் எடுத்தாச்சு. நான் இன்னமும் பீடி சுத்துகிறேன். ஊரில் உனக்கென்ன குறை என்கிறார்கள். சின்னவள் அப்பாவிடம் போனில் பேசுவாள், நேரில் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள். இங்கேயே வந்துவிடுகிறேன் என்கிறார். வந்தால் வருமானம் பாதிக்கும் கீழே போய்விடும். மாடிக்காக வைத்த நகை இன்னும் பேங்கில் இருக்கிறது, எவ்வளவு வட்டி ஏறியிருக்கிறது என்று அவருக்குச் சொல்லவில்லை. வரச் சொல்லவா, வேண்டாமா அண்ணாச்சி?
*வாசகி, முக்கூடல்*

தங்கச்சி, என் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், வரச் சொல்லுங்கள். ஆனால் நகையைத் திருப்பிய பிறகு.

நீங்கள் கட்டிய வீடு வீண் இல்லை. வாடகை வீட்டில் ஓனர் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாழ்ந்தவர்களுக்குச் சொந்தக் கூரை எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். மாடி அப்படி இல்லை. பக்கத்து வீட்டில் எடுத்தார்கள், நாமும் எடுத்தோம் என்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது, அதுக்காக அவர் அங்கே இன்னும் ரெண்டு வருஷம் ஒரே ரூமில் நாலைந்து பேரோடு படுத்துக் கிடக்கிறார். சந்தோஷத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது என்பதை நான் ஒத்துக்கொள்வதே இல்லை, வாங்கலாம், ஆனால் அடுத்தவர் கண்ணுக்காக வாங்கியது மட்டும் நம் வீட்டுக்குள் சந்தோஷமாக மாறுவதில்லை.

2017-ல் அமெரிக்கா, கனடா, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று, வேலைப்பளுவைக் குறைத்து நேரத்தைத் தருகிற செலவு செய்கிறவர்களுக்கு வாழ்க்கையில் திருப்தி கூடுதல் என்று காட்டியது. நாடு வேறு, உங்கள் விஷயத்துக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அவர் திரும்பி வருவது என்பது, விடுகிற சம்பளத்தைக் கொடுத்து அந்தப் பிள்ளையோடு இருக்கும் வருஷங்களை வாங்குவது. சின்னவள் வயசுக்கு வந்த பிறகு எந்த விலைக்கும் அது கிடைக்காது.

இப்போது கணக்கு. அரிசி, பள்ளிக்கூடம், வைத்தியம், இந்த மூன்றுக்கும் கடன் வாங்காமல் இங்கே வரும் வருமானம் போதுமா என்று மட்டும் பாருங்கள். பெரிய வியாதி வந்தால் பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, குடும்ப வருமானம் குறைந்த பிறகு அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி வருமா என்று விசாரித்து வையுங்கள். பீடித் தட்டை உடனே தூக்கிப் போட வேண்டாம், கம்பெனிக் கணக்கில் பி.எஃப். ஓடுகிறது என்றால் அதை நடுவில் எடுத்துச் செலவழிக்காதீர்கள். வந்த உடனே கடை வைக்கிறேன், டாக்ஸி வாங்குகிறேன் என்று அவர் லோன் எடுப்பதை மட்டும் எப்படியாவது தடுங்கள், ஊர் திரும்பியவர்களில் நிறையப் பேர் விழுவது அங்கேதான். ஆறு மாசம் உட்கார்ந்து சாப்பிடுகிற அளவுக்கு ரொக்கம் கையில் இருந்தால் அவசரத்தில் எதிலும் போய் மாட்ட மாட்டார்.

நகை எத்தனை பவுன், வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மட்டும் இனிமேல் மறைக்காதீர்கள். லீவு நாளில் அவர் கூப்பிடும்போது பேங்க் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே வாசித்துச் சொல்லுங்கள், எந்த மாசம் டிக்கெட் போடலாம் என்பதை ரெண்டு பேருமாகச் சேர்ந்து முடிவு பண்ணுங்கள்.