'தி சொப்ரானோஸ்' என்ற அமெரிக்க மாஃபியா டிவி தொடரின் கடைசிக் காட்சியில் அதன் நாயகன், கும்பல் தலைவன் டோனி செத்துவிட்டானா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நண்பர்களோடு இதை மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். செத்துவிட்டான் என்பதுதான் என் கட்சி.

2007 ஜூன் 10 அன்று ஒளிபரப்பான அந்தக் காட்சியைக் கவனியுங்கள். உணவகக் கதவின் மணி அடிக்கும், டோனி நிமிர்வான், அடுத்து அவன் கண்ணில் படுவது நமக்குத் தெரியும். இது திரும்பத் திரும்ப வரும். கடைசி மணிக்கும் நிமிர்கிறான். அப்புறம் வெறும் கறுப்பு, சத்தமே இல்லை. அவன் பார்ப்பதும் அதுதான்! சாகும் நேரத்தில் எதுவும் காதில் விழாது என்று படகில் அவன் கூட்டாளி பாபி முன்பே சொல்லியிருப்பான்.

கேபிள் போய்விட்டது என்றே பலர் அன்று நினைத்தார்களாம்.

எங்களில் கேம் ஆடும் தம்பி ஒருவன் மட்டும் ஒப்பவில்லை. "செத்தது டோனி இல்லண்ணா, ஆட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட்டது நாமதான்" என்றான். அதையும் என்னால் முழுசாக மறுக்க முடியவில்லை.