இறால் பிரிக்கும் மெஷினும் உங்கள் மகளின் படிப்பும்

அன்புள்ள தங்கச்சிமடம் அக்காவுக்கு,

வணக்கம். போன வாரம் போனில் நீங்கள் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. "கம்பெனியில எறால் பிரிக்க மெஷின் வந்துருச்சு. மேசையில நின்ன எங்கள்ல பாதிப் பேர வேற வேலைக்கு மாத்திட்டாக. இப்ப எம் மக அந்த மெஷின் படிப்புதான் படிப்பேங்குறா. எங்க பொழப்பக் கெடுத்தத நானே காசு குடுத்துப் படிக்க வைக்கணுமா?" என்று கேட்டீர்கள். கூடவே, உங்கள் கொழுந்தனார் சொன்ன ஆறு மாத ஏ.ஐ. கோர்ஸுக்கு நகையை அடகு வைக்கலாமா என்றும் கேட்டீர்கள். மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கத்துப் பெற்றோர்கள் பலருக்கும் இதே கவலை இருப்பதால், உங்கள் பெயரைச் சொல்லாமல் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

நகை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அடகு வைக்காதீர்கள். இதுவரை என்னிடம் வந்த எந்தக் குடும்பத்துக்கும் "நூறு சதவீதம் வேலை உறுதி" என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலக் கோர்ஸுக்குக் கடன் வாங்கச் சொன்னதில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

அடுத்தது உங்கள் மகள். போனை உங்களிடமிருந்து வாங்கி அந்தப் பிள்ளை ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சார், எறால் ஈரமா பளபளன்னு இருக்குமே, அத கேமரா எப்படி சார் சரியாப் பாக்கும்?" சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை, எந்த ஊரில் வேலை என்று கேட்கவில்லை. இந்தத் தொழிலில் பல வருடம் இருப்பவர்களுக்கே தலைவலி தரும் இடத்தில் நேராகப் போய்க் கை வைத்தாள். இந்தப் பிள்ளையைத் தாராளமாக இதில் விடலாம் என்று அப்போதே எனக்குத் தோன்றிவிட்டது.

அவள் கேள்விக்கு விடை அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஈரமான பரப்பில் விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்போது கேமராவுக்கு அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தலையில் கரும்புள்ளி விழுந்த இறாலில் அந்தப் புள்ளியின் மேலேயே வெளிச்சம் மின்னினால், கெட்டதை நல்லது என்று மெஷின் விட்டுவிடும். அதற்காக விளக்கை நேராக அடிக்காமல் வெள்ளைக் கூண்டுக்குள் சிதறவிட்டு நாலு பக்கமும் பரவச் செய்வார்கள். விளக்குக்கு முன்னால் ஒன்று, கேமராவுக்கு முன்னால் ஒன்று என்று போலராய்டு வில்லைகளைத் திருப்பி வைத்து மினுமினுப்பை வடிகட்டுவதும் உண்டு. ஒளியியல் பாடத்தில் தளவிளைவு என்று படித்தாளே, அதேதான். அந்தப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

இந்த மெஷின் செய்வது மொத்தம் மூன்று வேலை. பார்க்கும், முடிவு செய்யும், தள்ளிவிடும். ஏ.ஐ. கோர்ஸ்காரர்கள் சொல்லித் தருவது நடுவில் உள்ள முடிவு செய்யும் வேலையை மட்டும். அதையும் யாரோ எடுத்து வைத்த படங்களை வைத்துத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் மெஷின் நின்று போவதெல்லாம் பெரும்பாலும் முன்னாலும் பின்னாலும்தான்.

எடை பார்த்துப் பிரிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 30 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 30 இறால், ஒன்று சுமார் 33 கிராம். 40 கவுண்ட் என்றால் ஒன்று 25 கிராம். இடையில் எட்டு கிராம்தான் வித்தியாசம். உங்கள் கட்டைவிரல் அதைத் தராசு இல்லாமலே சொல்லிவிடும். மெஷினில் பெல்ட்டுக்கு அடியில் ஒரு உலோகத் துண்டு இருக்கிறது. இறாலின் கனத்தில் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை அப்போது மாறும். வீட்ஸ்டோன் சமனச்சுற்று அந்த மாற்றத்தை அளந்து எடையாகச் சொல்லும். இறாலோடு ஒட்டிக்கொண்டு வரும் ஐஸ் தண்ணீரையும் சேர்த்தே அது எடை போடும் என்பதால், தண்ணீர் வடிய எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அப்புறம் தள்ளிவிடுவது. கேமராவிலிருந்து காற்று ஊதும் குழாய் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, பெல்ட் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கெட்ட இறாலைப் பார்த்த நேரத்திலிருந்து சரியாக 0.2 நொடி கழித்துக் காற்று ஊத வேண்டும். பெல்ட் ஈரத்தில் கொஞ்சம் வழுக்கினாலும் கணக்குத் தப்பி, பின்னால் வரும் நல்ல இறால் அடி வாங்கும். அதனால்தான் பெல்ட் நிஜமாக எவ்வளவு நகர்ந்தது என்று எண்ணிச் சொல்ல என்கோடர் என்ற கருவியை மாட்டியிருப்பார்கள். காற்றைத் திறந்து மூடும் வால்வுக்குக் கிடைப்பது சில மில்லி நொடிகள். கம்ப்ரஸரில் சேரும் தண்ணீரைத் தினமும் வடிக்காமல் விட்டால் அது வால்வுக்குள் போய்ச் சிக்கும். மூளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை வராத கதையாகிவிடும்.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவனை அழைத்துக்கொண்டு ஒரு வத்தல் குடோனுக்குப் போயிருந்தேன். நம் மாவட்டத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, நிறம் வெளுத்த சோடை வத்தல் கலக்காமல் அனுப்புவதில் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். அங்கே நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மேலே தொட்டியில் கொட்டிய வத்தல், அதிர்கிற தட்டு வழியாகச் சரிவில் ஒவ்வொன்றாக விழும்போது கேமரா பார்த்து, சோடையை மட்டும் காற்று ஊதித் தள்ளும். அன்றைக்கு என்னடா என்றால் நல்ல சிவப்பு வத்தலெல்லாம் கழிவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு, மெஷின் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஐ.டி.ஐ. படித்த ஒரு தம்பி தும்மிக்கொண்டே வந்தான். கதவைத் திறந்தான். கேமராவுக்கு முன்னால் இருந்த கண்ணாடியில் மிளகாய்த் தூசி மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. மென்மையான துணியால் துடைத்தான். பிறகு, நல்லது எது சோடை எது என்று முன்பே தெரிந்த வத்தலில் கொஞ்சம் எடுத்து ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டிலும் கைவிட்டுப் பார்த்தான். அரை மணி நேரத்தில் குடோன் பழையபடி ஓட ஆரம்பித்தது. என்னோடு வந்த மாணவன் திரும்பும் வழியில் பஸ்ஸில் வேறு எதையுமே பேசவில்லை, அந்தத் தம்பியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

நம் கடற்கரையில் தூசியோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. பாம்பனில் வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே காற்றுதான் மெஷினுக்குள்ளும் போகிறது. ஒயர் சேரும் இடத்தில் செம்பு பச்சை பிடிக்கும், சென்சார் விட்டுவிட்டு வேலை செய்யும். மீன் படும் இடத்தில் 304 ரக எவர்சில்வரை விட, மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்புக்கு நன்றாகத் தாங்கும். இதெல்லாம் தெரிந்த ஆள் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் ஐஸ் பெட்டியில் இருக்கும் சரக்கு என்ன ஆகும்? பக்கத்திலேயே இருந்து, கூப்பிட்டதும் வந்து, அன்றைக்கே ஓட்டிக் கொடுக்கிற ஆளுக்குத்தான் மதிப்பு. உங்கள் மகள் அந்த ஆளாக வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. மேசையில் நின்று பிரிக்கும் ஆட்கள் இனிக் குறையத்தான் செய்வார்கள். இதை மறைத்துப் பேச எனக்கு மனசில்லை. உங்கள் மகள் படித்தாலும் படிக்காவிட்டாலும் மெஷின் வரும். ஆனால் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது எல்லாம் மெஷினுக்குத் தெரிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எது நல்லது, எது கெட்டது என்று ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி அதற்குச் சொல்லித் தர வேண்டும். இது மென்தோல், இது தலை கறுத்தது, இது வெறும் நிழல் என்று சொல்வதற்கு உங்களை மாதிரி ஆள் வேண்டும். நண்டுச் சதையில் ஓட்டுத் துண்டு கிடக்கிறதா என்று புற ஊதா விளக்கில் வைத்துப் பார்த்த பிறகும், கடைசியில் விரலால் தடவித்தானே அனுப்புகிறார்கள்?

உலோகம் கண்டுபிடிக்கும் கருவியும் அப்படித்தான். உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் நல்ல இறாலே அதற்கு உலோகம் மாதிரி சத்தம் காட்டும். உறைந்த இறாலுக்கு ஒரு அளவு, உருகியதற்கு வேறு அளவு வைக்க வேண்டும். இரும்பு, பித்தளை மாதிரியான உலோகம், எவர்சில்வர் என்று மூன்று சோதனைத் துண்டுகளைக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, மெஷின் பிடிக்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மூன்றில் எவர்சில்வர்தான் பிடிபடக் கஷ்டமானது, நம் கத்தியெல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்தச் சோதனை வேலையையும், கழிவுத் தட்டில் நல்லது போகிறதா என்று பார்க்கும் வேலையையும் உங்களுக்குத் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அக்கா. எத்தனையோ வருடம் மேசையில் நின்றவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது.

சரி, என்ன படிக்க வைப்பது? அவள் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுத்திருப்பதால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே வருடத்தில் டிப்ளமோ கையில் வந்துவிடும். மின்னணுவியல், கருவியியல், இயந்திரமும் மின்னணுவும் சேர்ந்த மெக்கட்ரானிக்ஸ், இந்த மூன்றில் எது கிடைத்தாலும் நல்லது. வெளியில் தங்கச் சம்மதம் என்றால் மதுரையில் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது. வீட்டிலிருந்தே போய் வர வேண்டும் என்றால் கீழக்கரைப் பக்கம் பாருங்கள். டிப்ளமோ முடித்த பிறகும் ஆசை இருந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் வழி திறந்தே இருக்கிறது. மதிப்பெண் நன்றாக இருந்து இப்போதே பி.இ. போகலாம் என்றால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்ளும்.

எனக்கு டிப்ளமோவில்தான் மனம் போகிறது. கையில் ஸ்குரூடிரைவரும் மல்டிமீட்டரும் சீக்கிரம் வர வேண்டிய பிள்ளை அவள். எதில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கு வரும். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். ஐ.டி.ஐ.யைத் தாழ்வாக நினைக்க வேண்டாம் என்பதையும் மற்ற பெற்றோர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களைப் புதிய கருவிகளோடு மேம்படுத்தி, தொழிற்சாலை ரோபோ, உற்பத்தித் தானியங்கி மாதிரியான புதிய பிரிவுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பரமக்குடிக்கோ ராமநாதபுரத்துக்கோ நேரில் போய், கருவி ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படிக்கும்போதே பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கருவியையும், காற்றழுத்த வால்வுகளையும் கையால் மாட்டிப் பழக வேண்டும். பைத்தான் என்ற கணினி மொழியில் படத்தைப் பிரித்துப் பார்க்கும் நிரல்களை ஓப்பன் சி.வி. என்ற இலவச மென்பொருளை வைத்து எழுதலாம், அதற்கு எந்தக் கோர்ஸுக்கும் லட்சம் தர வேண்டாம். முடித்த பிறகு ஒரு வருட அப்ரண்டிஸ் பயிற்சியைத் தவறவிடக் கூடாது.

"இங்க வேல கெடைக்கலன்னா?" என்றும் கேட்டீர்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள், இறால் வரத்தும் நிரந்தரமில்லை. உண்மைதான். ஆனால் இந்தக் கைத்தொழில் இறாலோடு முடிவதில்லை. நாமக்கல்லில் முட்டை, கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சோடு கலந்து வரும் பாலிதீன், அரிசி ஆலையில் கறுத்த அரிசி, ஸ்ரீபெரும்புதூரில் போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையில் விட்டுப்போன ஈயப்பற்று, கூரியர் கிடங்கில் பார்சல், எல்லா இடத்திலும் பார்ப்பதும் முடிவு செய்வதும் தள்ளிவிடுவதும்தான் நடக்கிறது. வெளியூர் போனால் வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று அரசு நடத்தும் தோழி விடுதிகள் இருக்கின்றன, தாம்பரத்தில்கூட ஒன்று உண்டு. இரவு ஷிப்ட் பற்றிப் பயப்படுகிறீர்கள், அது சரியான பயம். வேலையில் சேரும் முன்பே வண்டி வசதியும் கூட எத்தனை பெண்கள் இருப்பார்கள் என்பதும் கேட்டுத் தெரிந்துகொள்வோம், அந்தப் போனை நானே பேசுகிறேன்.

அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வேலை. கறிக்கு வாங்கும் இறாலில் இருபதை எடுத்து எவர்சில்வர் தட்டில் பரப்புங்கள். நீங்கள் உங்கள் கணக்குப்படி பிரியுங்கள், எதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் வாயால் சொல்லுங்கள். அவள் எழுதிக்கொள்ளட்டும். அதே தட்டை வெயிலில் ஒரு தடவை, நிழலில் ஒரு தடவை, பந்தல் மாதிரி மேலே பிடித்த வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு தடவை போனில் படம் எடுக்கட்டும். நீங்கள் சொன்ன குறை எந்தப் படத்தில் தெரிகிறது, எதில் மறைந்துபோகிறது என்று அவளே பார்க்கட்டும்.

அந்த நோட்டையும் மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் மூன்றின் நகலையும் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் வாருங்கள். போட் கரைக்கு வரும் நாளில் உங்களுக்கு வேலை இருக்கும், அதனால் வெள்ளிக்கிழமை வாருங்கள். விண்ணப்பத்தை இங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம்.